பளிங்கு மேசையில் சாறு சிந்திய தடம்: கறையா, அரிப்பா?

வெண்மேசை:
வணக்கம். எங்கள் சாப்பாட்டு மேசையின் மேல்பலகை மெருகேற்றிய வெள்ளைப் பளிங்கு. நேற்று மாலை விருந்தினர் ஒருவரின் கோப்பையிலிருந்து எலுமிச்சைச் சாறு சிந்தியது. சில நிமிடங்களில் துடைத்துவிட்டோம். ஆனாலும் கோப்பை இருந்த இடத்தில் வளையமாக ஒரு தடம் நின்றுவிட்டது. நேராகப் பார்த்தால் தெரிவதில்லை; ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து சாய்வாகப் பார்த்தால் அந்த வளையம் மட்டும் பளபளப்பில்லாமல் மங்கிக் கிடக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, விரல்நுனி அளவில் கறுத்த புள்ளி ஒன்றும் இருக்கிறது. அது எப்போது வந்தது என்று தெரியவில்லை, எண்ணெயாக இருக்கலாம்.

வினிகர் என்கிறார் ஒருவர், பற்பசை என்கிறார் இன்னொருவர், "சீலர் (கல்லுக்கான பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் எல்லாம் போய்விடும்" என்கிறார் மூன்றாமவர். கை வைக்கும் முன் விவரம் தெரிந்தவர்களைக் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன்.

தூவானம்:
கவலை வேண்டாம். வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றுங்கள். பொங்கிக்கொண்டு வரும், அந்த நுரையே அழுக்கைக் கிளப்பிவிடும். எங்கள் வீட்டுப் பாத்திரத் தொட்டியை அப்படித்தான் சுத்தம் செய்கிறேன், கண்ணாடி மாதிரி இருக்கிறது.

கல்லுளி:
வெண்மேசை, தயவுசெய்து அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். தூவானம் அம்மா, உங்கள் தொட்டி எஃகு. அதற்கு வினிகர் பொருந்தும். இது பளிங்கு. எலுமிச்சை செய்த வேலையைத்தான் வினிகரும் செய்யும், இன்னும் பெரிய வட்டமாக.

நான் கல் மெருகேற்றும் தொழிலில் இருப்பவன். கறை பட்டுக் கெட்ட கல்லைவிட, கறையைப் போக்கப் போய்க் கெட்ட கல்லையே அதிகம் பார்க்கிறேன். அதனால் எதை ஊற்றுவது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, என்ன நடந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் மேசையில் இருப்பவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள்.

கறை என்றால் ஏதோ ஒன்று கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கருமையாகவோ வேறு நிறமாகவோ தெரியும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் தெரியும். உங்கள் கறுத்த புள்ளி அந்த வகை.

அரிப்பு என்றால் எதுவும் உள்ளே போகவில்லை. மாறாக, மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கல்லே கரைந்து போயிருக்கிறது. நிறம் மாறாது, மெருகு போகும். சாய்வு வெளிச்சத்தில் மட்டும் தெரிவது அதன் அடையாளம். உங்கள் வளையம் அது. இல்லாத அழுக்கை எந்தத் திரவத்தாலும் வெளியே எடுக்க முடியாது. போன மெருகை மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.

விரல்நுனியால் வளையத்தின் குறுக்கே மெல்லத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிகிறதா? அடுத்து நகத்தை ஓட்டுங்கள். விளிம்பில் நகம் இடறுகிறதா? இரண்டுக்கும் பதில் சொல்லுங்கள், மேலே பேசலாம்.

குடுவை:
வேதியியல் கற்பிக்கிறவள் என்ற முறையில் கல்லுளி ஐயா சொன்னதற்குக் காரணத்தைச் சேர்க்கிறேன். பளிங்கு, சுண்ணாம்புக்கல், டிராவர்டைன், மேசைப் பலகையாக விற்கப்படும் ஓனிக்ஸ் எல்லாமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரையும் கால்சியம் உப்பாகவும் நீராகவும் கரியமில வாயுவாகவும் பிரியும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் குறையக் குறைய அமிலம் கடுமை; எலுமிச்சைச் சாற்றுக்கு அது ஏறத்தாழ 2. வினிகர் இரண்டரைக்குப் பக்கம். மெருகேற்றிய பரப்பில் இந்த வினைக்கு ஒரு நிமிடமே தாராளம். "உடனே துடைத்தோமே" என்று வருந்துவதில் பயனில்லை; உங்கள் கையைவிட அமிலம் வேகமானது.

கருங்கல் என்று நாம் சொல்லும் கிரானைட் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா போன்ற சிலிக்கேட் கனிமங்களால் ஆனது. எலுமிச்சையும் வினிகரும் அவற்றை எளிதில் தொடாது. ஆனால் எண்ணெய் அதிலும் இறங்கும். ஆக, கல்லின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது.

தூவானம் சொன்ன நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. வினிகரும் சோடாவும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். நுரை அடங்கிய பிறகு கையில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். பார்க்க ஆரவாரம், வேலைக்கு ஒன்றுமில்லை.

தூவானம்:
சரி, பின்வாங்குகிறேன். ஆனால் கடையில் கேட்டால் எல்லாக் கல்லையும் கிரானைட் என்கிறார்களே. வீட்டில் இருப்பது என்ன கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கல்லுளி:
நல்ல கேள்வி. விற்கிற பெயரை நம்ப வேண்டாம். குவார்ட்சைட் என்ற கடினமான கல்லின் பெயரில் டாலமைட் பளிங்கு (மக்னீசியமும் கலந்த கார்பனேட் கல்) விற்கப்படுவது எங்கள் தொழிலில் பழைய கதை. பலகையின் அடிப்பக்கத்திலோ கண்ணில் படாத விளிம்பிலோ கத்திமுனையால் சிறியதாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் பளிங்கு 3; எஃகுக் கத்தி ஐந்தரை அளவில் நிற்கும்; குவார்ட்ஸ் 7. பளிங்கில் கோடு விழும், வெண்தூள் வரும். குவார்ட்ஸ் மிகுந்த கல்லில் கத்தியின் உலோகம்தான் கல்மேல் சாம்பல் நிறமாக இழையும். மாக்கல் என்றால் நகமே கீறிவிடும், அதில் சந்தேகமே வராது.

அதே மறைவான இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பார்ப்பதும் உண்டு. சில நிமிடத்தில் மங்கினால் பளிங்கு போன்ற சுண்ணக் (கார்பனேட்) குடும்பம். டாலமைட் மெதுவாகத்தான் வினைபுரியும். நுரை வரவில்லை என்று உடனே முடிவுகட்டாமல் காத்திருந்து துடைத்துப் பாருங்கள். சோதனைக்கு அடிப்பக்கம் மட்டும்!

வெண்மேசை:
பார்த்தேன். வளையத்தில் லேசான சொரசொரப்பு உண்டு, நகம் இடறவில்லை. கறுத்த புள்ளி தொட்டால் வழவழப்பாகவே இருக்கிறது. மெருகும் குறையவில்லை.

இன்னொரு கேள்வி. இனிமேல் எதாவது சிந்தினால் முதல் சில நிமிடங்களில் சரியாக என்ன செய்ய வேண்டும்? எங்கள் வீட்டில் ஆளுக்கொரு துணியோடு ஓடி வந்து ஆளுக்கொரு திசையில் தேய்க்கிறோம்.

பரிமாறி:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். பளிங்கு மேசைகள் போட்ட உணவுக்கூடம் ஒன்றைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சிந்தாத நாளே கிடையாது.

தேய்க்கவே கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் ஒரு கையளவு இருந்தது மூன்று கையளவாகப் பரவும், துளைகளுக்குள்ளும் அழுந்தும். வெள்ளைப் பருத்தித் துணியோ சாயமில்லாத காகிதத் துண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, நீலத் துணிகளைத் தொடாதீர்கள். ஈரத்தில் சாயம் இறங்கினால் ஒரு கறைக்கு இரண்டு கறை. துணியை மடித்து, சிந்தியதன் வெளி விளிம்பில் வைத்து அழுத்தி எடுத்து, அடுத்த மடிப்புக்குத் திருப்பி, கொஞ்சம் உள்ளே நகர்ந்து மறுபடி அழுத்துங்கள். விளிம்பிலிருந்து நடுவுக்கு வர வேண்டும். நடுவில் ஆரம்பித்தால் வட்டம் பெரிதாகும். நனைந்த மடிப்பையே மறுபடி வைப்பதுதான் எங்கள் புதுப் பையன்கள் எல்லோரும் செய்யும் பிழை. எடுத்த சாற்றை அவர்களே திருப்பி ஊற்றுகிறார்கள்.

குழம்பு மாதிரிக் கெட்டியான பொருள் என்றால் முதலில் பிளாஸ்டிக் அட்டையாலோ மரக்கரண்டியாலோ அள்ளிவிட்டுப் பிறகு ஒற்றுங்கள். எஃகுக் கரண்டி பளிங்கைக் கீறும்.

ஒற்றிய பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் நடுநிலைத் திரவம் சில சொட்டு விட்டு, அந்தத் துணியைப் பிழிந்து துடைத்து, பின்பு வெறும் தண்ணீரால் இருமுறையாவது துடையுங்கள். சோப்பு மிச்சம் நின்றால் ஒரு திரை போலப் படிந்து மெருகை மறைக்கும். கடைசியாக உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி. தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள், தண்ணீரில் உள்ள உப்புகள் வெள்ளை வெள்ளையாகப் படியும்.

மெழுகுவர்த்தி சொட்டியிருந்தால் பனிக்கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அதன்மேல் வைத்து, இறுகியதும் அட்டையால் தட்டி எடுங்கள். சூடு காட்டி உருக்கப் பார்க்காதீர்கள், கல்லுக்குள் இறங்கிவிடும்.

கல்லுளி:
பரிமாறி சொன்னது அத்தனையும் ஒப்புக்கொள்கிறேன், ஒன்றில் மட்டும் சிறு திருத்தம். சிந்தியது அமிலமா, எண்ணெயா என்பதைப் பொறுத்து வரிசை மாறும்.

பழச்சாறு, வினிகர், திராட்சை மது, தக்காளிச் சாறு போன்றவை சுண்ணக் கல்லில் விழுந்தால், ஒற்றியெடுத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் அரிப்பு நடக்கிறது. ஒருமுறை வேகமாக ஒற்றிவிட்டு உடனே தாராளமாகத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள், பிறகு மீண்டும் ஒற்றுங்கள். அரிப்பை முழுக்கத் தடுக்காது, குறைக்கும்.

எண்ணெய் விழுந்தால் நேர்மாறு. தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து பக்கவாட்டில் ஓடும். முதலில் ஒற்றுங்கள். பிறகு அந்த இடத்தின் மேல் சோள மாவோ சமையல் சோடாவோ டால்கம் பவுடரோ குவியலாகத் தூவி, தேய்க்காமல், ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் பிளாஸ்டிக் அட்டையால் தள்ளி எடுத்துவிட்டுச் சோப்புத் தண்ணீரால் துடைக்கலாம். புதிதாக விழுந்த எண்ணெய்க்குப் பல நேரம் இவ்வளவே போதும்.

எதிர்வாதி:
எல்லோரும் பீதியைக் கிளப்புகிறீர்கள். எங்கள் சமையலறைக் கல்லில் தண்ணீர் சிந்தினாலே கறுப்பாகத் திட்டு விழுகிறது. மறுநாள் காணாமல் போகிறது. எண்ணெயும் அப்படித்தான் போகும். ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன?

குடுவை:
பாதி சரி. கல் நனைந்தால் ஏன் கறுக்கிறது? உலர்ந்த கல்லின் துளைகளில் காற்று இருக்கிறது. கனிமத் துகளிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து அடுத்த துகளுக்கும் மாறி மாறிப் பாயும்போது ஒளி சிதறி வெளிறலாகத் தெரிகிறது. அந்தத் துளைகளில் நீரோ எண்ணெயோ புகுந்தால் சிதறல் குறையும், ஒளி உள்ளே ஆழமாகப் போய் உறிஞ்சப்படும், கண்ணுக்குக் கறுப்பு. தண்ணீர் ஆவியாகிவிடும், எண்ணெய் ஆவியாகாது. ஆகவே "ஒரு நாள் பொறு" என்பது நல்ல சோதனை. ஓரிரு நாளில் தானே வெளுத்தால் அது ஈரம். அப்படியே நின்றால் எண்ணெய் வகை. சோதனை அது, சிகிச்சை வேறு. சமையல் எண்ணெய் நாளாக ஆகக் காற்றோடு வினைபுரிந்து பிசினாக இறுகும். அப்போது எடுப்பது கடினம்.

எதிர்வாதி:
ஏற்றுக்கொள்கிறேன். ஈரத்துக்கு மட்டும் என் சோம்பல் பொருந்தும் போலிருக்கிறது.

வெண்மேசை:
என் கறுத்த புள்ளி பழையது, நாள்கணக்கில் வெளுக்கவில்லை. மாவு தூவிப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்தது?

கல்லுளி:
பற்றுப் போட வேண்டும். வீக்கத்துக்குப் பற்றுப் போடுகிறோமே, அதே வேலை. எண்ணெயைக் கரைக்கும் திரவம் ஒன்று, அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தூள் ஒன்று. இரண்டையும் பிசைந்து கறைமேல் அப்ப வேண்டும். திரவம் கல்லுக்குள் இறங்கிக் கறையைக் கரைக்கும். பற்று காயத் தொடங்கியதும் உள்ளே போன திரவம் மேலே இழுக்கப்படும். கரைந்ததும் அதோடு வந்து தூளில் தங்கிவிடும். காய்வதுதான் இதில் வேலை செய்யும் கட்டம். பாதி ஈரத்தில் எடுத்துவிட்டு "பலனில்லை" என்று சொல்பவர்கள் அதிகம்.

தூளுக்கு வெண்களிமண்ணான கயோலின், டால்கம், முல்தானி மட்டி எதுவும் ஆகும். முல்தானி மட்டியில் இரும்பு இருக்கும். அதனால் வெள்ளைக் கல்லுக்கு நான் கயோலினையே எடுப்பேன். தூள் எதுவும் இல்லையென்றால் வெள்ளைக் காகிதத் துண்டுகளைப் பல மடிப்பாகத் திரவத்தில் நனைத்து வைத்தாலும் நடக்கும். எண்ணெய்க்குத் திரவம் அசிட்டோன்.

பிசையும்போது கெட்டியான தயிர்ப் பதம் வேண்டும்; சாய்த்தால் ஓடக் கூடாது. முதலில் கறைப் பகுதியைக் காய்ச்சி வடித்த நீரால் லேசாக நனைப்பது தண்ணீரில் கரையும் கறைகளுக்கு உதவும். எண்ணெய்க்கு அது வேண்டாம். பற்றைக் கறையைவிட இரண்டு விரல் அகலம் வெளியே போகும்படி, 6 முதல் 12 மில்லிமீட்டர் கனத்தில், காற்றுக் குமிழி நிற்காமல் அழுத்திப் பரப்புங்கள். மேலே பிளாஸ்டிக் தாளை மூடி நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். 24 முதல் 48 மணி நேரம். பிறகு தாளை எடுத்துவிட்டு முழுக்கக் காய விடுங்கள். பற்று வெளிறி, வெடித்து, ஓரம் தானாகக் கிளம்பும். அப்போது மர அல்லது பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, கழுவி, துடைத்துவிட்டு, ஒரு நாள் கழித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். ஈரக் கறுப்பை எண்ணெய்க் கறுப்பு என்று எண்ணி ஏமாற வேண்டாம். பழைய கறை ஒரே தடவையில் போகாது. ஒவ்வொரு பற்றுக்கும் கொஞ்சம் வெளுக்கிறது என்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இரண்டு பற்றுக்குப் பிறகும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அது எண்ணெயாக இருக்காது, திரவத்தை மாற்ற வேண்டும்.

பரிமாறி:
நாங்கள் பிளாஸ்டிக் தாளில் ஊசியால் சில துளைகள் போடுவோம். மெதுவாகக் காய்கிறது, தாளை எடுக்கும் வேலையும் மிச்சம்.

கல்லுளி:
தண்ணீர்ப் பற்றுக்குச் சரி. அசிட்டோன் துளை வழியே சில மணி நேரத்திலேயே பறந்துவிடும். கறையைக் கரைக்க நேரம் கிடைக்காது. அதனால் நான் முதலில் இறுக்கமாக மூடி, பிறகு திறக்கிறேன். கைப்பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும், சண்டை வேண்டாம்.

குடுவை:
அசிட்டோன் என்றதும் எனக்குப் பதறுகிறது. அதன் தீப்பற்று வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ். சாதாரண அறையிலேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளத் தயார். ஆவி காற்றைவிடக் கனமானது, மேசையிலிருந்து இறங்கித் தரையோடு ஊர்ந்து போகும். அடுப்பு எரியும் சமையலறையில் செய்யாதீர்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள்.

பழஞ்சிலை:
சிலைப் பாதுகாப்புப் படிக்கிறேன், எட்டிப் பார்த்தேன். பற்று என்பதைக் கைவைத்தியம் என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். புளோரன்ஸ் நகரில் உள்ள மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையை 2003-04இல் சுத்தம் செய்தபோது அதிகம் நம்பியது காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பற்றுகளைத்தான். உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுப்பதா, ஈரப் பற்றா என்று நிபுணர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. அங்கே பெரும்பாலும் தூசியும் உப்பும்; ஆனால் தத்துவம் ஒன்றே. எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் விதி இதுதான்: பலவீனமான திரவத்தில் தொடங்கு, பலன் இல்லாதபோது மட்டும் ஒரு படி ஏறு.

கருங்குவளை:
எங்கள் வீட்டில் காபி, தேநீர்க் கறைகள். வெளிர் நிறச் சுண்ணாம்புக்கல் பலகை, பழுப்பாக வட்டங்கள். அசிட்டோன் பற்றுதானா?

கல்லுளி:
இல்லை. காபி, தேநீர், மது, பூவிதழ், இலை போன்ற தாவரச் சாயங்களைக் கரைப்பதைவிட வெளுப்பதே வழி. ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றுப் போடுங்கள். மருந்துக் கடையில் புண் கழுவக் கொடுப்பது 3 விழுக்காடு. புதிய கறைக்கு அதுவே போதும். பழைய கறைக்கு 12 விழுக்காடு பயன்படுத்துவார்கள். அது தோலைச் சுடும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெளிர் கல்லுக்கு மட்டும்தான். கறுத்த கல்லில் பெராக்சைடு வைத்தால் அந்த இடம் மட்டும் வெளிறிப்போக வாய்ப்பு உண்டு.

வெளிர் கல்லிலும் மறைவான இடத்தில் முதலில் வைத்துப் பாருங்கள். கல்லுக்குள் இரும்புக் கனிமம் இருந்தால் பெராக்சைடு அதைத் துருப்பிடிக்க வைத்துவிடும்; பழுப்பைப் போக்கப் போய் மஞ்சளை வாங்கி வருவீர்கள்.

தூவானம்:
பெராக்சைடுக்குப் பதில் வீட்டில் இருக்கும் பிளீச்சிங் திரவத்தோடு அம்மோனியா கலந்தால் இன்னும் வலுவாக இருக்குமே?

குடுவை:
கூடவே கூடாது! அவை இரண்டும் சேர்ந்தால் குளோரமின் என்னும் நச்சு வாயு வரும். பிளீச்சோடு வினிகர் அல்லது வேறு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஒன்றை ஊற்றிய இடத்தில் அதைக் கழுவாமல் இன்னொன்றை ஊற்றுவதும் கலப்பதுதான். தூவானம், உங்கள் அலமாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது.

தூவானம்:
சாவியைத் தந்துவிட்டேன்.

கருங்குவளை:
எங்கள் வீட்டில் கறுப்பு மேடை ஒன்றும் உண்டு. மெருகேற்றியது, கிரானைட் என்று சொல்லி வாங்கியது. அதில் பேனா மை. அசிட்டோன் வைக்கலாமா?

கல்லுளி:
கறுப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி கப்ரோ, டாலரைட் போன்ற வேறு தீப்பாறைக் கற்கள். அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, கெட்டியான கல்தான். சிக்கல் வேறு. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு மறைவான மூலையில் தேயுங்கள். துணி கறுத்தால் சாயம், அங்கேயே நிறுத்துங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் மைமேல் அசிட்டோன் துணியை வைத்து ஒற்றுங்கள். சுற்றித் தேய்த்தால் மை பரவும்.

வெண்மேசை:
என் வளையத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

கல்லுளி:
மறக்கவில்லை, அது அவசரமில்லாத வேலை. நகம் இடறவில்லை என்றதால் வீட்டிலேயே சரிசெய்ய இடமுண்டு. பளிங்குக்கென்றே விற்கும் மெருகுத் தூள் வாங்குங்கள். டின் ஆக்சைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு இருக்கும். ஈரமான கம்பளித் துணியில் கொஞ்சம் எடுத்து, சிறு சிறு வட்டமாக அழுத்தித் தேயுங்கள். தூள் காயத் தொடங்கினால் சில சொட்டுத் தண்ணீர். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிறகு துணி லேசாகப் பிடித்து இழுப்பது கைக்குத் தெரியும். மெருகு அந்த இடத்தில்தான் வருகிறது. கழுவித் துடைத்துச் சாய்வாகப் பாருங்கள். வளையத்தை மட்டும் தேய்த்தால் சுற்றியுள்ள பகுதியைவிட அது பளிச்சென்று நிற்கும். விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் கலந்து விடுங்கள். பற்பசை வேண்டாம். அதன் துகள் ஒவ்வொரு வகையிலும் வேறு வேறு, என்ன வாங்குகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

கிரானைட்டில் இந்தத் தூள் வேலை செய்யாது. பளபளப்பில்லாமல் மட்டமாக இழைத்துவிட்ட பளிங்கிலும் பயன்படுத்தாதீர்கள். அங்கே மெருகு ஏறினால் அதுவே குறையாகத் தெரியும். அந்த வகைப் பளிங்கில் அரிப்பு பெரிதாகத் தெரியாது என்பது அதன் நல்ல குணம். சமையலறைக்குப் பளிங்குதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன், பாதிப்பேர் கேட்பதில்லை.

எதிர்வாதி:
இத்தனை பாடு எதற்கு? ஒரு தடவை சீலர் அடித்துவிட்டால் எதுவும் ஒட்டாது என்று விற்பனையாளர் சொல்கிறாரே.

கல்லுளி:
அவர் விற்பனையாளர். சீலர் துளைகளுக்குள் இறங்கி, அவற்றின் சுவரை நீரும் எண்ணெயும் எளிதில் ஒட்டாதபடி ஆக்குகிறது. உறிஞ்சுவதைத் தாமதப்படுத்தும், நீங்கள் துணி எடுத்து வர நேரம் கிடைக்கும். எண்ணெய்க்கும் காபிக்கும் அந்த நேரம் பெரிய உதவி. அமில அரிப்பு மேற்பரப்பில் நடக்கிறது, அதைச் சீலர் தடுக்காது. வெண்மேசையின் பலகைக்குச் சீலர் போட்டிருந்தாலும் வளையம் வந்திருக்கும். கறுத்த புள்ளி ஒருவேளை வந்திருக்காது.

வேண்டுமா வேண்டாமா என்று கல்லையே கேளுங்கள். ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி 10, 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அடியில் கறுத்திருந்தால் உறிஞ்சுகிறது, போடலாம். கறுக்கவில்லை என்றால் வேண்டாம். அடர்த்தியான கறுப்புக் கல்லில் சீலர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே காய்ந்து பிசுபிசுப்பான மூட்டம் போல நிற்கும். பிறகு அதை எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். போடுவதாக இருந்தால், உறிஞ்சாமல் மிஞ்சியதைக் காய்வதற்குள் துடைத்துவிட வேண்டும். கறை உள்ளே இருக்கும்போது போட்டால் கறையையும் சேர்த்துப் பூட்டியதாகும். முதலில் பற்று, பிறகு சீலர்.

பரிமாறி:
ஒரு சந்தேகம் எனக்கும். மேசையில் இரும்பு டப்பா நின்ற இடத்தில் ஆரஞ்சு வளையம். துரு நீக்கி என்று ஒரு திரவம் கிடைக்கிறதே?

குடுவை:
பாட்டிலின் மேலுள்ள விவரத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். துரு நீக்கிகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். பளிங்கை மட்டுமல்ல, சிலிக்கேட்டையும் அது கரைக்கும். மற்ற அமிலங்களுக்கு எளிதில் அசராத கிரானைட்டின் மெருகையும் தின்றுவிடும். மனிதத் தோலுக்கு அதைவிட ஆபத்து: வலி தெரியாமலே ஊடுருவிப் பின்னர் உள்திசுவைப் பாதிக்கும். வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். தயோகிளைகாலேட் என்னும் சேர்மம் கொண்ட நடுநிலைத் துரு நீக்கிகள் உண்டு. இரும்பைப் பிடித்ததும் ஊதா நிறமாக மாறும். பார்த்துப் பயப்படாதீர்கள், அது வேலை செய்வதன் அடையாளம். நாற்றம் மட்டும் சகிக்க முடியாது. அதைத் தூளோடு பிசைந்து பற்றாகப் போட்டு, பிறகு நன்றாகக் கழுவுங்கள். பிளீச் துருவைப் போக்காது, அதிகப்படுத்தவே செய்யும்.

மழைமுகில்:
துரு பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். குளியலறையில் வெள்ளைப் பளிங்குத் தரை. இரும்புப் பொருள் எதுவும் அங்கே வைக்கவில்லை. ஆனாலும் சுவரோரக் கற்களில் மஞ்சள் பழுப்பு திட்டுத்திட்டாகப் பரவுகிறது. பெராக்சைடு பற்றுப் போட்டேன், இன்னும் மஞ்சளாகிவிட்டது.

கல்லுளி:
மேலிருந்து சிந்தியது அல்ல, கீழிருந்து ஏறுவது. வெள்ளைப் பளிங்கில் பைரைட் போன்ற இரும்புக் கனிமத் துகள்கள் இயல்பாகவே இருக்கும். கல் எப்போதும் ஈரமாக இருந்தால் அவை துருப்பிடிக்கும். பெராக்சைடு அதை விரைவுபடுத்தியிருக்கிறது. மேலே என்ன பூசினாலும் அடியில் தண்ணீர் இருக்கும்வரை திரும்பி வரும். ஒரு பிளாஸ்டிக் தாளைத் திட்டின்மேல் நான்கு பக்கமும் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் வியர்த்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது.

மழைமுகில்:
ஒட்டிப் பார்த்தேன். தாளின் அடியில் முத்து முத்தாக நீர். சுவருக்குப் பின்னால்தான் குழாய் இணைப்பு போகிறது, குழாய் வேலை செய்பவரை வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் சீலர் போட்டு வைக்கட்டுமா?

கல்லுளி:
வேண்டாம். கசிவை அடைத்த பிறகும் கல் அடிவரை காய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை தரைக்கு மேல் எதையும் பூசாதீர்கள், கால்மிதியையும் எடுத்துவிடுங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும். தாள் சோதனையில் வியர்வை நின்ற பிறகு ஒரு படம் போடுங்கள். துருப் பற்றா, கல்லையே மாற்றுவதா என்று அப்போது பார்க்கலாம்.